"அது தனியார் நிலம்" என்று ஒய்பி கைவிரித்தால் அடுத்து என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நாங்கள் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அண்ணன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு வரும் பாதை குண்டும் குழியுமாகி, மழை பெய்தால் பள்ளி வேன் உள்ளே வருவதில்லை. ஒய்பியின், அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினரின், சேவை மையத்துக்கு மூன்று முறை போனோம். பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள், கடைசியில் "அது தனியார் நிலம், ஒய்பியால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். இப்போது தோட்டத்தையே விற்கப்போகிறார்கள், வீடமைப்பு வரப்போகிறது என்று டவுனில் பேச்சு. எங்கள் கோயிலும் உள்ளேதான் இருக்கிறது. ஒய்பி எங்களைத் தட்டிக்கழிக்கிறாரா? எம்பியை, அதாவது நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்தால் நடக்குமா?

(தோட்டத்தின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: வணக்கம் சகோதரி. பாதை விஷயத்தில் அவர்கள் உங்களிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிப் பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைவிட, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தோட்டம் விற்கப்போகிறார்கள் என்று, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சட்டமன்ற உறுப்பினரால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியும் என்றால் அது அங்கேதான், அதுவும் இப்போதுதான். நான் பல வருடம் ஒரு சேவை மையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எது யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இது பிரித்தே எழுதப்பட்டிருக்கிறது. கல்வி, மருத்துவம், போலீஸ், குடியுரிமை, தொழிலாளர் சட்டம் எல்லாம் மத்திய அரசு. நிலம், காடு, ஊராட்சி மன்றம், மாநிலச் சாலைகள் மாநில அரசு. நம் மக்கள் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) பிரச்சினைக்கும் பள்ளிக்கு ஆசிரியர் பற்றாக்குறைக்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் வரிசையில் நிற்பார்கள், அவரும் முகம் கோணாமல் ஓர் ஆதரவுக் கடிதம் அடித்துக் கொடுப்பார். அதற்குமேல் அவருக்கு அதில் அதிகாரம் இல்லை. ஆனால் நிலம் முழுக்க முழுக்க மாநில விவகாரம். தோட்டத்து மக்களுக்கு வரும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல், பிரித்துப் பார்த்தால், அடியில் நிலப் பிரச்சினையாகத்தான் இருக்கும்.

சரி, பாதைக்கு வருவோம். மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு ஒவ்வொரு வருடமும் மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. அது மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டை வைத்துத்தான் கணக்காகிறது. அந்தப் பதிவேட்டில் இருக்கும் சாலைக்குப் பணம் உண்டு, இல்லாத சாலைக்கு இல்லை. தோட்டக் கம்பெனியின் நிலத்துக்குள் ஓடும் பாதை அதில் இருக்காது, அதனால் ஊராட்சி மன்றமோ பொதுப்பணி இலாகாவான ஜேகேஆரோ அதில் தார் போடத் தயங்கும். "தனியார் நிலம்" என்பதன் அர்த்தம் இவ்வளவுதான். ஆனால் உங்கள் பாதை முழுவதும் தோட்டத்து நிலம்தானா என்று யாராவது பார்த்தார்களா? பல இடங்களில் பெரிய ரோட்டிலிருந்து முதல் கொஞ்ச தூரம் அரசாங்க ஒதுக்கு நிலமாக இருக்கும், அதற்கப்புறம்தான் கம்பெனி நிலம் தொடங்கும். நில அலுவலகத்தின் வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் துண்டு அரசாங்கத்துடையது என்றால் அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி சட்டமன்ற உறுப்பினர் கேட்க முடியும், கேட்கவும் வேண்டும்.

மீதிப் பாதைக்குத் தோட்ட நிர்வாகம்தான் பொறுப்பு. இங்கே உங்கள் அண்ணன் முக்கியமான ஆள், ஏனென்றால் அவர் இப்போதும் அங்கே தொழிலாளி. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் ஒன்று இருக்கிறது, தொழிலாளர் இலாகாவில் "அக்தா 446" (சட்டம் 446) என்றால் உடனே புரியும். தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் குழாய்த் தண்ணீர், மின்சாரம், வீடுகளின் பராமரிப்பு எல்லாம் முதலாளியின் கடமை என்கிறது. புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா, அது மத்திய அரசினுடையது. பாதைக்கு மட்டும் என்று எழுதாமல் வடிகால், கூரை, தண்ணீர் எது மோசமாக இருந்தாலும் சேர்த்து, அண்ணன் பெயரிலும் மற்ற வேலையாட்கள் பெயரிலும் எழுதுங்கள். அப்பா ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் பெயரில் மட்டும் போனால் "நீங்கள் இப்போது தொழிலாளி இல்லையே" என்று கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் அண்ணன் உறுப்பினர் என்றால் சங்கக் கிளைக்கும் ஒரு நகல் போகட்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது, மானேஜர், மாவட்ட அலுவலகம், குடியிருப்பாளர் மூன்று தரப்பையும் ஒரு மேசையில் உட்காரவைக்கும் ஒரு சந்திப்பு. அவர் கூப்பிட்டால் மானேஜர் வருவார், நீங்கள் கூப்பிட்டால் வரமாட்டார். அந்த வித்தியாசத்துக்காகத்தானே அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

இனி விற்பனைக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள்.

முதல் வேலையாகத் தோட்டத்தின் லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) யாராவது ஊரில் இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த எண்ணை வைத்து நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி "சாரியான்" எடுங்கள், அதாவது நிலப் பட்டாவின் தேடல் அறிக்கை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. அதில் உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை விவசாயமா கட்டடமா தொழில்துறையா, பட்டாவின் நிபந்தனைகள், யாராவது "காவியட்", அதாவது நிலத்தைக் கைமாற்றவிடாமல் தடுக்கும் பதிவு, போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் இருக்கும். காவியட்டைக் கவனியுங்கள். பெயர் மாற்றம் பதிவாவதற்கு முன்பே வாங்குகிறவர் தன் பாதுகாப்புக்கு அதைப் போட்டுவிடுவார், ஆக டவுனில் ஓடும் பேச்சு வெறும் பேச்சா உண்மையா என்பதற்கு முதல் தடயம் அங்கே கிடைக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் விற்பனையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், கம்பெனியின் பங்குகளே கைமாறினால் பட்டாவில் எதுவும் தெரியாது.

அடுத்து ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தானில், உங்கள் தோட்டம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விவசாயமாகவே இருக்கிறதா, எதிர்கால வீடமைப்பு என்று குறித்துவிட்டார்களா? இதைப் பார்க்க யாருடைய சிபாரிசும் வேண்டாம். அந்தத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அப்புறம் மேம்பாட்டாளர் திட்ட அனுமதி கேட்கும் கட்டத்தில், ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கடிதம் அனுப்பச் சட்டம் சொல்வது உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில்தான், அதுவும் அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்குத்தான். தலைமுறையாக லயத்தில் குடியிருந்தாலும் பட்டா இல்லாதவருக்கு அந்தக் கடிதம் வராது. எத்தனையோ தோட்டங்களில் மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் மக்களுக்கு விஷயமே தெரிந்தது, அதற்கு ஒரு காரணம் இது.

விவசாய நிலத்தில் வீடு கட்ட நிலத்தின் வகையை மாற்ற வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின் கீழ் அதற்கு மாநில அரசின் ஒப்புதல் தேவை. மாநிலம் ஒப்புதலோடு நிபந்தனைகளையும் விதிக்க முடியும். குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு, கோயிலுக்கும் மயானத்துக்கும் நிலம், பள்ளி இருந்தால் அதற்கு ஒதுக்கீடு, எல்லாவற்றையும் கேட்கச் சரியான நேரம் அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்புதான். விழுந்த பிறகு மேம்பாட்டாளரின் நல்ல மனசை நம்பித்தான் இருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் ஆட்சிக்குழுவில் (மாநில அமைச்சரவையில்) இல்லாவிட்டாலும் மாநில முதல்வரான மந்திரி புசாருக்கு எழுதலாம், மாவட்ட அதிகாரி நடத்தும் கூட்டத்தில் விஷயத்தைக் கிளப்பலாம், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு பினாங்கின் கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். தலைமுறைகளாக நம் மக்கள் மாடு வளர்த்து வாழ்ந்த இடம். நிலத்தை ஒரு கூட்டுறவுக் கழகத்துக்குக் கொடுக்கும் முடிவு முந்தைய மாநில அரசின் காலத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. நாடே அதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது வழக்கு மேல்நீதிமன்றங்கள் வரை போய் முடிந்திருந்தது, 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. அதற்கு முந்தைய தலைமுறையும் இதைப் பார்த்ததுதான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களின் காசைச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவும் வந்தது, ஆனால் அது 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு விற்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. மொத்தமாக ஒரே கம்பெனிக்கு விற்றால் அந்தப் பிரிவு உங்களுக்குத் துணைக்கு வராது. ஆகவே நிலவகை மாற்றத்தின் மேல்தான் கண் வைக்க வேண்டும்.

சேவை மையத்துக்கு நீங்கள் மூன்று முறை போனீர்கள், ஆனால் கையில் ஒரு தாள் இருந்ததா? வாய்மொழியாகச் சொன்னது ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் போன் நம்பருமாக முடிந்துவிடும், அந்த வாரமே அதற்கு மேல் வேறு பெயர்கள் வந்து உட்காரும். இந்த முறை ஒரே பக்கத்தில், மலாயில், லாட் எண்ணோடு எழுதுங்கள். எத்தனை குடும்பம், அதில் எத்தனை பேர் இன்னும் தோட்டத்தில் வேலை, எத்தனை பேர் அந்தத் தொகுதி வாக்காளர், கோயில் எந்த வருடத்திலிருந்து இருக்கிறது, சாரியானின் நகல், பாதையின் படங்கள். வாக்காளர் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள், அரசியல்வாதி முதலில் படிக்கிற வரி அதுதான். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர்களாகப் பதிவாகிறார்கள், பிள்ளைகளையும் விட்டுவிடாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டமன்றத் தொகுதி என்பதையும் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் இணையச் சேவையில் சரிபாருங்கள், சுங்கை சிப்புட் மாதிரி ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளேயே லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கும், தவறான ஒய்பியிடம் அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தில் கோரிக்கையைத் துல்லியமாக வையுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று முடித்தால் ஒரு தீபாவளி ஹேம்பரோடு முடிந்துவிடும். இந்த லாட்டுக்கு நிலவகை மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் எந்த நிலையில் இருக்கிறது, குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடும் கோயிலுக்கு நிலமும் நிபந்தனையாக விதிக்கப்படுமா என்று அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் கேள்வியாகக் கேட்கும்படி எழுதுங்கள். கேள்விகளைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், சட்டமன்றம் கூடுவதே வருடத்தில் சில தடவைதான், அதனால் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பதில் ஆட்சிக்குழுவிடமிருந்து வரும், அதிகாரபூர்வ அறிக்கையில் பதிவாகும். நாளைக்கு வழக்கு என்று போனாலும் அந்தப் பதிவு உதவும்.

உங்கள் ஒய்பி எதிர்க்கட்சி என்றால்? தொகுதி ஒதுக்கீடு அவருக்குக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம், பாதைக்கு அவர் பையிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். ஆனால் 59 பேர் உள்ள பேராக் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு, ஆளும் தரப்பில் இருப்பவரைவிடத் தயக்கமில்லாமல் கேட்கவும் செய்வார். ஆளும் கட்சி என்றால் கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1960-களிலேயே நின்றுபோனதால் கவுன்சிலர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள், ஆளும் தரப்பு ஒய்பியின் வார்த்தைக்கு அங்கே எடை உண்டு.

எம்பியைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரிடம் தொழிலாளர் இலாகா புகாரை மட்டும் கொண்டு போங்கள், அது அவருடைய பக்கம். நில விஷயத்தை அவர் தலையில் கட்டினால் அவர் மாநிலத்தைக் கைகாட்டுவார், மாநிலம் அவரைக் கைகாட்டும், நடுவில் உங்கள் மாதங்கள் போய்விடும்.

கோயிலைப் பற்றி ஒரே வார்த்தை. கோயில் நிர்வாகத்துக்குச் சங்கப் பதிவு இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து, இல்லையென்றால் தொடங்குங்கள், பதிவு இல்லாத கோயிலுக்கு நிலம் என்று பேசவே யாரும் உட்காரமாட்டார்கள்.

கடிதம் நான்கு நகல் எடுங்கள், சேவை மையம், மாவட்ட நில அலுவலகம், மந்திரி புசார் அலுவலகம், உங்களுக்கு ஒன்று. ஒவ்வொரு கவுண்டரிலும் உங்கள் நகலில் தேதியோடு "பெறப்பட்டது" முத்திரை வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்து கோப்பு எண் கேட்டு போன் செய்யுங்கள், எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், சட்டமன்றக் கேள்வியின் வாசகத்தை நாம் சேர்ந்தே எழுதிவிடலாம்.