வரி சர்க்கரைக்கா, வாயுவுக்கா?

கேள்வி: குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி போட்டுவிட்டு, மக்கள் ஆரோக்கியத்துக்காக என்கிறார்கள். வெயிலில் சித்தாள் வேலை பார்த்துவிட்டுப் பத்து ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடிக்கிறவரிடம் நான்கு ரூபாய் பிடுங்குவதுதான் ஆரோக்கியமா? எதைக் குடிப்பது என்பது அவரவர் விருப்பம் இல்லையா? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அது பாய வேண்டிய இடம் வேறு. முதலில் கணக்கைச் சரி செய்துவிடுவோம். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் பத்து ரூபாய் வரியையும் சேர்த்த விலை என்பதால், அதற்குள் இருக்கும் வரி அதிகபட்சம் 2 ரூபாய் 86 காசு. இது புதிதாக ஏற்றப்பட்டதும் அல்ல. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே கோலா போன்ற வாயு ஏற்றிய பானங்களுக்கு 28 சதவீத வரியும், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட வாங்கிய 12 சதவீத இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்து 40 சதவீதம்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே 40 என்று ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனிப்புப் பானத்துக்கு வரி போடுவதை நான் ஆதரிக்கிறேன். நம் நாட்டில் இருக்கும் வரியை ஆதரிக்க முடியவில்லை. காரணம், அது சர்க்கரையைப் பார்த்துப் போட்ட வரியே அல்ல.

இந்தப் பதிலை எழுத உட்காரும் முன் எதிரே உள்ள பெட்டிக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் சீருடையில் ஒரு சிறுவனோடு நின்றிருந்த அம்மா, "கேஸ் வேண்டாம்ணா, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். மாம்பழ ஜூஸ் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நானும் ஒரு கோலா பாட்டிலும் ஒரு மாம்பழப் பான பாக்கெட்டும் வாங்கி வந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை. பிள்ளைக்கு நல்லது என்று அந்த அம்மா நம்பி வாங்கிய மாம்பழப் பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 13 கிராம். அதில் பெரும்பகுதி பழத்தில் இருந்து வந்ததல்ல, தனியாகச் சேர்த்தது என்பதையும் அதே பொடி எழுத்து சொல்கிறது. கோலாவுக்கு வரி 40 சதவீதம். மாம்பழப் பானத்துக்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது, அதே செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதாவது பத்து ரூபாய் பாக்கெட்டில் 48 காசுக்கு மேல் போகாது. அதே பழப் பானத்தில் வாயுவை ஏற்றி விற்றால் வரி மறுபடியும் 40 சதவீதம். துளிகூடச் சர்க்கரை இல்லாமல் செயற்கை இனிப்பூட்டி சேர்த்து விற்கும் கோலாவுக்கும் அதே 40 சதவீதம்தான்.

இதை எப்படி ஆரோக்கிய வரி என்று சொல்வது? குமிழிக்கு வரி, சர்க்கரைக்குச் சலுகை என்றுதான் சொல்ல வேண்டும். சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கும் நிறுவனத்துக்கு ஒரு காசு வரிகூடக் குறையாது என்றால், அது ஏன் குறைக்கப் போகிறது?

மற்ற நாடுகள் இதைச் செய்த விதத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 2016 மார்ச்சில் அறிவித்த வரி 2018 ஏப்ரல் 6 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராமுக்குள் இருந்தால் தொடக்கத்தில் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் அப்போது 24 பென்ஸ். இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் நிறுவனங்கள் தாங்களாகவே செய்முறையை மாற்றிச் சர்க்கரையைக் குறைத்தன. முதலாண்டில் 52 கோடி பவுண்டு வரும் என்று முதலில் கணக்கிட்ட அரசுக்கு 24 கோடி பவுண்டு அளவில்தான் வந்தது. வரி வருமானம் குறைந்தது வெற்றிக்கு அடையாளமாக ஆனது இந்த ஒரு வரியில்தான் என்று நினைக்கிறேன். 10, 11 வயதுச் சிறுமிகளிடையே உடல் பருமன், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைந்தது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். சிறுவர்களிடம் அப்படிப்பட்ட குறைவு தெரியவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். நானும் மறைக்க விரும்பவில்லை. இலங்கை 2017 நவம்பரில் ஒரு கிராம் சர்க்கரைக்கு 50 சதம் (அரை இலங்கை ரூபாய்) என்று நேரடியாகவே வரி விதித்தது. தென்னாப்பிரிக்காவில் 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் வரி.

ஏழை மீது விழும் சுமை என்கிறீர்கள். மெக்சிகோவில் 2014இல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி வந்தபோதும் இதே வாதம் எழுந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் வரி விதித்த பானங்களின் விற்பனை சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களில்தான் அந்தக் குறைவு அதிகம். வரியின் சுமை ஏழை மீது விழுகிறது என்பது உண்மை, நோயின் சுமை அதைவிடப் பல மடங்கு அவர் மீது விழுகிறது என்பதும் உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. நம் பக்கத்துப் புதுச்சேரியில் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். வசதி உள்ளவர் சர்க்கரை வியாதியோடு முப்பது ஆண்டு ஓட்டிவிடுவார். கொத்து வேலை செய்கிறவர் காலில் ஆறாத புண்ணோடு எத்தனை நாள் சாரம் ஏறுவார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுக்கிறோம். அதே வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கு வரியைக் குறைத்திருக்கிறோம்.

அவரவர் விருப்பம் என்பதைப் பெரியவர்கள் விஷயத்தில் நான் மறுக்கவில்லை. அதனால்தான் தடை கேட்கவில்லை, வரி கேட்கிறேன். ஆனால் மாம்பழப் படத்தை முன்னால் பெரிதாகப் போட்டு, சர்க்கரைக் கணக்கைப் பின்னால் பொடியாகப் போட்ட பாக்கெட்டை ஏழு வயதுப் பிள்ளை விரும்பியது என்றால், அந்த விருப்பத்தை யார் உண்டாக்கியது? ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது வளர்ந்தவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு. 200 மில்லி கோலா பாட்டில் ஒன்றிலேயே 21 கிராம் வந்துவிடுகிறது. எங்கள் அலுவலகச் சர்க்கரை டப்பாவில் இருந்து அளந்து தட்டில் கொட்டிப் பார்த்தேன், தேக்கரண்டியால் ஐந்து. டீயில் யாரும் அவ்வளவு போட்டுக்கொள்வதைப் பார்த்ததில்லை.

ஜிஎஸ்டியில் கிராம் கணக்கெல்லாம் ஒத்துவராது என்பார்கள். சிகரெட்டுக்கு அதன் நீளத்தைப் பார்த்து ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்றும், நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் என்றும் இழப்பீட்டு மேல்வரி வாங்கியது இதே ஏற்பாட்டில்தான். அது முடியாவிட்டாலும், சர்க்கரை அளவை வைத்து மூன்று படிகளாக விகிதத்தைப் பிரிக்க எந்தத் தடையும் இல்லை. வரி விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மாநிலங்களிடம் இருக்கிறது. பன்னீர் சோடா போட்டு விற்கிற ஊர்க் கம்பெனி 40 சதவீதம் கட்ட, பெரிய நிறுவனத்தின் மாம்பழப் பானம் 5 சதவீதத்தில் போவதைத் தமிழ்நாட்டு அமைச்சர் அங்கே எழுப்பியே ஆக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் சொன்ன அந்தத் தொழிலாளி. மெக்சிகோவில் வரி போட்டபோது, பள்ளிகளில் குடிநீர் வசதி செய்து தருவோம் என்று சேர்த்தே வாக்குறுதி கொடுத்தார்கள். இங்கே பிடிக்கிற 2 ரூபாய் 86 காசு எங்கே போகிறது என்று கேளுங்கள். உச்சி வெயிலில் அவர் வேலை செய்யும் இடத்தில் நல்ல தண்ணீர் ஒரு பானையாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.