மகள் வரலாறு படிக்கட்டுமா?

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த என் மகள், கல்லூரியில் வரலாறுதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். வரலாறு, தத்துவம், இலக்கியம் எல்லாம் ஓய்வு நேரத்துக்கு உரியவை என்பது என் எண்ணம். மனப்பாடம் செய்து எழுதும் பாடத்தால் அவளுக்கோ ஊருக்கோ என்ன பயன்?

பதில்: மனப்பாடத்தைப் பற்றிய உங்கள் குறை நியாயமானதுதான். ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிப்பதற்கு மூன்று ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் அது வரலாறு அல்ல, வரலாற்றை மோசமாக நடத்தும் முறை.

மேற்கு ரோமப் பேரரசின் ஆட்சியுரிமையைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு பத்திரம் பல நூற்றாண்டுகள் செல்லுபடியாகி வந்தது. 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அது போலி என்று நிறுவினார். அதன் லத்தீன் நடை கான்ஸ்டன்டைன் காலத்தது அல்ல என்பதும், அப்போது உருவாகியிராத சூழல்களை அது பேசுகிறது என்பதும் அவருடைய சான்றுகள். எந்தப் பதிவிடமும் வரலாறு கேட்பவை இவை: யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எழுதியவருக்கு இது எப்படித் தெரியும், எதைச் சொல்லாமல் விட்டார்? கைபேசிக்கு வரும் ஒவ்வொரு செய்தியிடமும் இன்று கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.

ஊருக்கு என்ன பயன் என்பதற்கு 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலாவைப் பாருங்கள். இறந்தவர் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்புவதில் நோய் தொற்றியது. புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது நிகழ்ந்தவை என்றது உலக சுகாதார நிறுவனம். உடலைப் பையில் கட்டி, உறவினரை விலக்கிப் புதைப்பது மருத்துவக் கணக்கில் சரி. ஆனால் குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன, இரவில் ரகசியமாகப் புதைத்தன, தொற்று மேலும் பரவியது. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் பேச்சுக்குள் வந்த பிறகு அந்த ஆண்டின் இறுதியில் நெறிமுறை மாறியது: குடும்பத்தின் சம்மதம், தொடாமல் செய்யும் பிரார்த்தனை, அடக்கத்தில் உறவினர் பங்கு. கிருமியை அறிந்தவர்களுக்குத் துக்கத்தை அறிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். இதை ஓய்வு நேர அறிவு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

மருத்துவ ஆய்வில் கலந்துகொள்பவருக்கு மரியாதை, நன்மை, நீதி ஆகியவற்றை அடிப்படையாக வைத்த 1979ஆம் ஆண்டின் பெல்மாண்ட் அறிக்கையும் இப்படித்தான் வந்தது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வு வெளிச்சத்துக்கு வந்த பின், மருத்துவர்களோடு அறவியலாளர்களும் சட்ட அறிஞர்களும் உட்கார்ந்து உருவாக்கியது அது.

வேலை விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. தொழில்நுட்பப் படிப்பைப் போல இதில் பட்டத்தின் பெயரே வேலையின் பெயராக இருக்காது. முதல் சம்பளமும் பல நேரங்களில் குறைவு. சட்டம், இதழியல், நிர்வாகம், ஆவணக் காப்பகம், பதிப்பு, கொள்கை ஆய்வு என்று பாதைகள் உண்டு. கூடவே புள்ளியியலோ இன்னொரு மொழியோ முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். கடைசி ஆண்டில் தொடங்கினால் அரைகுறையாகவே நிற்கும்.

கல்லூரியைத் தேர்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளின் கேள்வித்தாள்களை வாங்கிப் பாருங்கள். ‘காரணங்களை எழுதுக’ என்ற வகை மட்டுமே இருந்தால், கையேட்டை உருப்போட்டவர்கள் ஜெயிக்கும் இடம் அது. மூல ஆவணத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து அதை எடைபோடச் சொல்லும் கேள்விகள் வேண்டும். பருவத்துக்கு எத்தனை கட்டுரைகள் திருத்தித் தரப்படுகின்றன, ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார்களா, மதிப்பெண் மட்டும் போடுகிறார்களா என்றும் அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். திருத்தம் இல்லாத இடத்தில் எழுத்து வளராது.

சேர்க்கைக்கு முன் மகள் ஒரு பயிற்சி செய்யட்டும். ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரண்டு பதிவுகளை எடுத்து, ஒத்துப்போகும் தகவல்களை ஒரு தாளிலும் மோதும் தகவல்களை இன்னொன்றிலும் எழுதி, மோதலுக்குக் காரணம் தேட வேண்டும். பிறகு தனக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி 300 சொற்களில் எழுத வேண்டும். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பிறகு தேடுவதுதான் இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை. எதிர்ச்சான்றுக்குத் தனித் தாள் வைத்தால் அது தடுக்கப்படும். இதை அலுக்காமல் நான்கைந்து முறை செய்தாளென்றால், தயங்காமல் வரலாற்றில் சேர்த்துவிடுங்கள்.