நர்சிங் படிக்கும் மகளுக்கு வார்டில் நோய் ஒட்டிக்கொள்ளாதா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: மகள் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம், சீக்கிரமே அரசு ஆஸ்பத்திரியில் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) தொடங்குகிறது. டி.பி., மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. என்று எல்லாரும் வந்து படுக்கும் இடம், பயமாக இருக்கிறது, வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம் ஐயா. கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் பாடம் எடுக்கிறவள் நான். பிள்ளைகளை வார்டுக்கு அழைத்துப் போவதுதான் என் வேலை. உங்கள் பயம் நியாயமானது, ஆனால் தப்பான இடத்தில் போய் நிற்கிறது. வீட்டில் எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. நான் பயப்படுவது, ஊசி குத்தியதை வெளியில் சொல்லாமல் ஹாஸ்டலில் போய்ப் படுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு.

கணக்கைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி ஆயிரம் பேர் கையில் குத்தினால் தொற்று வரக்கூடியது சுமார் 3 பேருக்கு. அதே இடத்தில் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் கிருமி) இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். ஆனால் இதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது. மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. சிக்கல் இந்த ஆறு மாதத்தில்தான். சேர்க்கை முடிந்த கையோடு முதல் டோஸ் போட்டால்தான் ஊசி போடக் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு உடம்பு தயாராக இருக்கும். பல இடங்களில் போஸ்டிங் லிஸ்ட் வந்த பிறகுதான் தடுப்பூசி ஞாபகம் வருகிறது.

சின்ன வயதிலேயே போட்டாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கான இலவசத் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுக்கப் பரவியதே 2011 வாக்கில்தான். பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் நிம்மதி. சிலருக்கு ஏறாது, அவர்கள் இன்னொரு சுற்றுப் போட வேண்டும். இதைக் கேட்டால் கல்லூரியில் முகம் சுளிக்கலாம், கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளே கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கின்றன. போட்ட ஊசியை வெள்ளை டப்பாவில் போடுகிற மாணவியும் அதில் சேர்த்திதான்.

குத்துப்படுவது எப்போது? பெரும்பாலும் ஊசி போடும்போது இல்லை, போட்டு முடித்த பிறகு. மூடியைத் திரும்ப மாட்டப் போய் விரலில் ஏறும். மூடக் கூடாது என்று வகுப்பில் சொல்கிறோம். வார்டில் ஊசியை வெட்டிப் போடும் நீடில் கட்டர் அந்தக் கடைசியில் இருக்கும், கையில் டிரே, பக்கத்தில் நாலு நோயாளி கூப்பிடுகிறார்கள். பிள்ளை என்ன செய்யும்? மூடித்தான் எடுத்துப் போகும். கட்டரையும் டப்பாவையும் டிராலியிலேயே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊற்றக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவளாக இருந்தால், நோயாளிக்கு அந்தக் கிருமி இருக்கும் பட்சத்தில் இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியை உடம்பில் ஏற்றும் ஊசி) தர வேண்டும், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள்.

மருந்து இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் சொல்வதில்லை. சொன்னதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "கவனமா இருக்க மாட்டியா?" அதற்கடுத்து அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை. சாயங்கால ஷிஃப்டில் குத்துப்பட்டு மறுநாள் வரை வாயே திறக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், கூடப் படுக்கும் தோழி வந்து சொல்லித்தான் விஷயம் தெரியும். கல்யாணம் தடைபடுமோ என்று பயந்து அழுத பெண்ணும் உண்டு. அதனால் உங்கள் மகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: குத்தினால் வீட்டில் திட்ட மாட்டோம், ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு என்று. நாங்கள் நடத்தும் எந்தப் பாடத்தையும்விட இது அவளுக்கு அதிகம் உதவும்.

டி.பி. விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் செங்கிப்பட்டி என்றாலே ஜனங்களுக்கு டி.பி. ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், பஸ் அந்த ஊரைத் தாண்டும்போது மூக்கை மூடிக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். உண்மையில், மருந்து ஒத்துக்கொண்டு சில வாரமாக ஒழுங்காகச் சாப்பிடுகிறவரிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். பொது மெடிக்கல் வார்டில் "இருமல்" என்று மட்டும் எழுதிப் படுக்க வைத்திருக்கிறார்களே, சளிப் பரிசோதனை முடிவு இன்னும் வராதவர், அவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அவருக்குச் சாதா மாஸ்க், மாணவிக்கு என்95. என்95 மூக்கோரத்தில் இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும், தாடையில் தொங்கினால் அது அலங்காரம்தான். பழைய கட்டட வார்டுகளின் பெரிய ஜன்னல்களைக் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறார்கள், பகலிலாவது திறக்கச் சொல்வேன். காலையில் சாப்பிடாமல் டியூட்டிக்கு ஓடுகிற பழக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் நிறைய. உடம்பு இளைத்தவர்களை டி.பி. எளிதில் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

நம் ஊர்ப் பெற்றோர் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது: அம்மை. சின்னம்மையைக் குளிர் நாட்டுக்காரர்கள் குழந்தையிலேயே வாங்கிக் கடந்துவிடுகிறார்கள். நம் போன்ற வெப்ப நாடுகளில் பதினெட்டு வயதிலும் வராத பிள்ளைகள் கணிசம். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை தனியே வைப்போம். இதை நான் குறை சொல்ல மாட்டேன், தனிமைப்படுத்தல் என்று நாங்கள் நடத்துகிற பாடமே அதுதான். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும் என்பது வேப்பிலைக்குத் தெரியாது. தம்பிக்கு அம்மை என்று தெரியாமலே ஞாயிறு வீட்டுக்கு வந்த பெண், திங்கள் காலை பிரசவ வார்டில் நிற்பாள். கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் அது ஆபத்து. அம்மை வராத, தடுப்பூசியும் போடாத மாணவி இப்படிப் பழகிவிட்டால் 8-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை வார்டில் நிறுத்தக் கூடாது. அம்மை என்று சொல்லக் கூச்சப்பட்டு "வயித்து வலி"னு லீவ் கேட்பார்கள், எங்களுக்கு விஷயமே தெரியாமல் போகும். வீட்டில் அம்மை போட்டால் கல்லூரிக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். இதற்கும் தடுப்பூசி உண்டு, பெரியவர்களுக்கு இரண்டு டோஸ். காசு போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் மழைக்குப் பிறகு நம் வார்டுகளில் நிறைய வரும். அந்த நோயாளிகளைத் தொடவே தயங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். உண்ணிக்காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொற்றாது, எலிக்காய்ச்சல் அப்படித் தொற்றுவது மிக அபூர்வம். ஆனால் கிராம போஸ்டிங்கில் வயல் வரப்பிலும் தேங்கிய தண்ணீரிலும் வெறுங்காலோடு நடந்தால் வரும். கால் புண்ணைக் கட்டிக்கொண்டு, மூடிய செருப்புப் போட்டுப் போக வேண்டும்.

எச்.ஐ.வி. படுக்கைக்கு ரகசியமாக அடையாளம் போடச் சொல்லிச் சில பெற்றோர் கேட்கிறார்கள். அது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படியும் தப்பு, பாதுகாப்பும் இல்லை. அடையாளம் இல்லாதவர் ரத்தத்தில் அலட்சியம் வந்துவிடும். யார் ரத்தமானாலும் கையுறை, அவ்வளவுதான். அதே சட்டம், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும், குத்துப்பட்டால் தடுப்பு மருந்தும் தர வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை என்கிறது. மாணவி சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லை என்று கை விரிப்பவர்கள் உண்டு, அதனால் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இதை எழுத்தில் பேசி வைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு என் பெண்ணுக்கு ஊசி குத்தினால் அவள் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? பெயரும் நம்பரும் வந்தால் சரி. "காலையில வந்து சொல்லட்டும்" என்றால் அந்த நம்பரை எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் 1097 இலவச எண்ணிலும் கேட்கலாம்.