பால் டம்ளர் சண்டை: மகன் மந்தமல்ல

கண்ணெதிரே அளந்து ஊற்றியும், அக்காவின் உயரமான டம்ளரில்தான் பால் அதிகம் என்று உங்கள் 5 வயது மகன் அழுகிறான்; மந்தமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனைதான் உங்கள் சமையலறையில் தினமும் நடக்கிறது. ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரை பிள்ளையின் கவனம் ஒரே அம்சத்தில், இங்கே உயரத்தில், நின்றுவிடும். டம்ளர் ஒடுங்கியிருப்பதையும், திருப்பி ஊற்றினால் பழைய அளவே வரும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வராது. விளக்கிப் பயனில்லை, அதட்டுவது அதைவிட வீண். இரண்டு பாத்திரங்களில் அவனே தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி விளையாடட்டும் (தரை நனையும், பொறுத்துக்கொள்ளுங்கள்). இந்த வயதுக் கணக்கும் கல்வெட்டல்ல; கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினாலே இன்னும் சிறிய பிள்ளைகளும் சரியாகச் சொல்வதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. இப்போதைக்கு ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கிவிடுங்கள்.