ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. காசு செலவில்லாமல் எங்கே போகலாம்?

யுனிவர்சிட்டி பார்க்ஸ். யோசிக்கவே வேண்டாம். அந்த ஊரில் வேலை பார்த்தபோது என் கோடை மாலைகள் பெரும்பாலும் அங்கேதான் கழிந்தன.

செர்வெல் ஆற்றங்கரையில் சுமார் 70 ஏக்கர் பூங்கா. 19ஆம் நூற்றாண்டில் மெர்ட்டன் கல்லூரியிடமிருந்து பல்கலைக்கழகம் வாங்கிய நிலம். இன்றும் அவர்களுடையதுதான், ஆனால் யாரும் உங்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். குளிர்காலத்தில் ரக்பி, லாக்ராஸ் நடக்கும். கோடையில் கிரிக்கெட்.

அந்த கிரிக்கெட்டுக்காகவே போகலாம். 1881 முதல் பல்கலைக்கழக அணியின் மைதானம் இது. டி. ஜி. ஜாக்சன் வடிவமைத்த பெவிலியனும் அந்தக் காலத்ததுதான். பூங்காவுக்குள் கட்டணம் வசூலிக்க வழியில்லாததால் முதல்தர ஆட்டங்களைக்கூட இங்கே ஜனங்கள் இலவசமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா மாதிரி பெரிய அணி வந்தால் மட்டும் ஆட்டத்தைக் கிறிஸ்ட் சர்ச் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். அங்கே டிக்கெட் போடலாமே! படித்தவர்கள் காசு விஷயத்தில் விவரமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

1961-ல் இந்த அணியின் கேப்டன் மன்சூர் அலி கான் பட்டோடி. அந்த ஜூலையில் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது கண் பார்வை போனது. நாம் கொண்டாடும் பட்டோடி ஒற்றைக் கண்ணோடு இந்தியாவுக்கு ஆடியவர். இரண்டு கண்ணோடு அவர் ஆடியதைப் பத்துக் காசு கொடுக்காமல் இந்தப் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பொறாமைதான். 1974-ல் இம்ரான் கானும் இதே அணிக்குக் கேப்டன்.

ஆட்டம் இல்லாவிட்டால் ஆற்றோரம் நடங்கள். வில்போல் வளைந்த ஒரு நடைபாலம் வரும். 1920களில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டியது. கொஞ்சம் கீழே 'பார்சன்ஸ் பிளெஷர்' என்ற இடம். ஆண்கள் துணியில்லாமல் குளிப்பதற்கென்றே இருந்த படித்துறை. படகில் வரும் பெண்கள் அதற்கு முன்பே இறங்கிச் சுற்றி நடந்துபோக வேண்டும் என்பது வழக்கம். 1991-ல் மூடிவிட்டார்கள், பயப்படாமல் போகலாம்.

கீபிள் கல்லூரிக்கு எதிரே உள்ள வாசல் வழியாக நுழைந்தால் மைதானம் பக்கம். இருட்டுவதற்குள் வாசலைப் பூட்டிவிடுவார்கள், அதனால் நாலு மணிக்கே போய்விடுங்கள். விரித்து உட்கார ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். புல் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.