டெல்டா பக்கம் சுதந்திரப் போராட்டத்தோடு தொடர்புள்ள சிறை எதையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்தேன் என்று சொன்னால் பாதிப் பொய். போன மே மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் போயிருந்தேன். எட்டாவது முடித்தவன். அந்தமான் சிறையின் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துல ஜெயில் இல்லையா மாமா?" என்று ஒரே நச்சரிப்பு. அந்தமானுக்கு என் சம்பளம் காணாது. மன்னார்குடியிலிருந்து வேதாரண்யத்துக்கு பஸ் டிக்கெட் எடுக்கலாம்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். செக்கு, தூக்குமேடை, வரிசையாக இருட்டறைகள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1930-ல் வெள்ளைக்காரனின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய ராஜாஜியை அடைத்துவைத்த இடம் என்று ஊரில் காட்டுவது பழைய உப்புத்துறைக் கட்டடத்தை. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை, வெளியே நின்று பார்த்ததோடு சரி. "இவ்வளவுதானா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ராஜாஜிக்கு 6 மாதக் கடுங்காவல், 200 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பாகி, திருச்சி சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திருச்சி மத்திய சிறையோ இன்றைக்கும் கைதிகள் இருக்கிற சிறை. நினைத்த நேரத்தில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வர முடியாது.

என்னைக் கேட்டால், அவர்கள் உப்பு அள்ள நடந்து வந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். 1930 ஏப்ரல் 13, சித்திரை வருஷப்பிறப்பு அன்று, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் ராஜாஜியோடு கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் பகலில் நடந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன நடை என்று.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் 6 மாதம் சிறை, அபராதம் வேறு என்று அறிவித்துவிட்டார். நெல் விளைகிற ஜில்லாவில், வீட்டு வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டால் ஆறு மாதம்! கும்பகோணத்தில் பந்துலு ஐயர் துணிந்து வீட்டில் இடம் கொடுத்தார், ஜெயிலுக்குப் போனார். மற்றவர்கள் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் மரத்தையா விசாரிக்கும்?

இதை நான் திருத்துறைப்பூண்டி தாண்டும்போது பஸ்ஸிலேயே சொன்னேன். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"எந்த மரம் மாமா?"

எந்த மரத்தைக் காட்டுவது? ரோட்டை அகலப்படுத்தியதில் கொஞ்சம் போச்சு, 2018-ல் கஜா புயல் வந்து மிச்சத்தைச் சாய்த்தது. அவன் விடவில்லை.

"ரொம்பக் கீழ கட்டினா ஆடு தின்னுடுமே. மேல கட்டினா எடுக்க எட்டாதே?"

இத்தனை வருஷத்தில் இதை யாராவது யோசித்திருப்பார்களா தெரியாது. ஆடு எட்டாத, ஆள் எட்டுகிற உயரம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அப்புறம் வேதாரண்யம் வரும்வரை பொட்டலம் கட்டத் தோதான கிளைகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

ஊருக்குள் தியாகி வைரப்பன் நினைவுத்தூணை விட்டுவிடாதீர்கள். சவரத் தொழிலாளி. ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருக்கும்போதுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததாம். போலீஸுக்கு மழிக்க மாட்டேன் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மீதியை மழித்துவிடு என்றால், வேண்டுமானால் நீங்களே மழித்துவிடுங்கள் என்று பெட்டியை நீட்டியதாக இன்றும் சொல்கிறார்கள். அவரும் சிறைக்குப் போனவர்தான். பையன் சிரித்த சிரிப்பில் டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி பக்கம்தான், ஆட்டோவில் போனோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து 2023-ல் திரும்பவும் ரயில் விட்டார்கள், அது அகஸ்தியம்பள்ளி வரை வருகிறது. ஆனால் நேரம் பார்த்துக்கொண்டு போங்கள், நாங்கள் பார்க்கவில்லை. ராஜாஜி உப்பு அள்ளி ஏப்ரல் 30 அன்று கைதானது இந்தப் பக்கத்தில்தான். நினைவு ஸ்தூபி இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டோம், ஐந்து நிமிஷ வேலை.

பக்கத்து உப்பளத்தில்தான் அதிக நேரம் நின்றோம். வெறுங்காலோடு ஒரு அக்கா நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். பாத்தித் தண்ணீரில் வெயில் பட்டு கண் கூசியது. அவர் கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. பையன் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் எடுத்துக்கலாமா அக்கா?" என்றான்.

"எடுத்துக்க தம்பி, இதுக்குப் போயி கேக்குற!"

ஒரு கைப்பிடி அள்ளினான். வரப்பிலேயே நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கா மாமா ஆறு மாசம்?" என்றான். ஆமாம்டா என்றேன். இதே வேதாரண்யத்தில் உப்புப் போராட்டத்துக்கு வந்த ருக்மிணி லட்சுமிபதி அம்மாவுக்கு ஒரு வருஷம் ஜெயில் என்றும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை.

போகிறவர்கள் விடிகாலையிலேயே போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைக் காகிதத்தில் மட்டும் மடிக்காதீர்கள். நாங்கள் நோட்டுத்தாளில் மடித்து எடுத்து வந்தோம், ராத்திரிக்குள் தாள் நனைந்து பையன் சட்டைப்பை எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அம்மா அதைத் துணியில் வடித்து, காலையில் மாங்காய் ஊறுகாய்க்குப் போட்டுவிட்டாள். பையன் மட்டும் ரெண்டு கல்லை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறான்.