நாள் முழுக்கப் போட்டாலும் வலிக்காத, சீக்கிரம் அறுந்துபோகாத கேமரா ஸ்ட்ராப் எது?

கேட்டிருப்பவர் கல்யாண வேலைக்கும் போகிறார், லீவு நாளில் பறவைப் படமும் எடுக்கிறார். கேமராவோடு வந்த பட்டை கழுத்தை அறுக்கிறதாம், மெத்தை வைத்த ஸ்ட்ராப் வாங்கலாமா என்கிறார். வாங்குங்கள், ஆனால் மெத்தையைப் பார்த்து வாங்காதீர்கள். எடை உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

நிக்கான் டி850 கேமராவில் லென்ஸ் இல்லாத வெறும் பாடி மட்டும் பேட்டரியோடு ஒரு கிலோ. அதில் 24-70 எஃப்2.8 லென்ஸைப் போட்டால் இன்னொரு கிலோ. முகூர்த்தத்துக்கு விடியுமுன்னே மண்டபத்துக்குள் நுழைந்து கடைசிப் பந்தி வரைக்கும் இரண்டு கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டால், எந்த மெத்தையும் காப்பாற்றாது. குறுக்காகப் போடுங்கள். பட்டை ஒரு தோளில் ஏறி, கேமரா எதிர்ப்பக்க இடுப்பில் கிடக்க வேண்டும். கேமராவோடு வரும் பட்டை இதற்குப் பெரும்பாலும் நீளம் பற்றாது. முழுக்க இளக்கினால் 140 செ.மீ. பக்கம் வருகிற மாதிரி தேடுங்கள். அகலம், இந்த எடைக்கு 40 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு 30 தாராளம்.

அப்புறம் துணி. நியோப்ரீன் என்கிற ரப்பர் பஞ்சுப் பட்டையைக் கடையில் தோளில் போட்டுப் பார்த்தால் சொகமாகத்தான் இருக்கும். வெளியே வந்து நடந்தால் கேமரா கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கு அடியில் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். தோல் பட்டை பார்க்க அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் வியர்வை ஊறிக் காய்ந்து விறைத்துப் போகும், ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்தால் பூசணம் பூக்கும். துடைத்து எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்குச் சரி. மலையேறும் கயிற்றில் செய்தது கையில் சுற்றிப் பிடிக்க நன்றாக இருக்கும், எடை கூடினால் தோளில் பதியும்.

என் ஓட்டு கார் சீட் பெல்ட் மாதிரியான வழவழப்பான நைலான் பட்டைக்கு. கேமராவைக் கண்ணுக்குத் தூக்கும்போது சட்டையைச் சுருட்டாமல் வழுக்கி வர வேண்டும், குறுக்காகப் போடுவதற்கே அதுதான் உயிர். அடியில் ரப்பர் பிடிப்பு வைத்தது ஒற்றைத் தோளில் மாட்டுகிறவர்களுக்கு. பீக் டிசைன் கம்பெனியின் ஸ்லைடு பட்டை நான் சொல்கிற ரகம், 45 மி.மீ. அகலம். விலை கூடுதல்தான், ஆனால் நடக்கும்போதே ஒரு கையால் நீளம் கூட்டிக் குறைக்கலாம், கொடுக்கிற காசு அதற்கே. நெல்லை ஆனித் தேரோட்டத்தில் ரத வீதிக் கூட்டத்துக்குள் இடுப்பில் கேமரா ஆடினால் வடம் பிடிக்கிறவர் முழங்கையில்தான் இடிக்கும். அங்கே பட்டையைச் சுருக்கி நெஞ்சோடு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நீடித்து உழைப்பது பற்றி. பட்டை நடுவில் அறுந்து நான் பார்த்ததில்லை. விட்டுப்போவது எல்லாம் முனையில்தான்: தையல், பக்கிள், பட்டையைக் கோக்கும் கேமராவின் காது. தையல் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாக இருக்க வேண்டும், வெறும் ஒற்றைக் கோடு போதாது. பட்டையின் வாலைப் பக்கிளில் திருப்பிக் கோத்து உள்பக்கமாகச் செருகி, ஐந்து செ.மீ.யாவது மிச்சம் விடுங்கள். வாலை வெளியே தொங்கவிடுவதுதான் மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வரும். ஃபூஜி மாதிரி வளையம் மாட்டும் கேமராக்களில் கம்பெனி வளையம் தொலைந்தால் சாவிக்கொத்து வளையத்தைப் போடாதீர்கள், அது விரியும். பீக் டிசைனின் குட்டி வட்டக் கொக்கிகள் 90 கிலோ தாங்கும் என்கிறார்கள். இருந்தாலும் அதன் கயிறு தேயும், தேய்ந்து உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

பறவைப் படத்துக்குக் கணக்கு வேறு. நிக்கானின் 200-500 லென்ஸ், டிரைபாடில் மாட்ட அதைச் சுற்றி இருக்கும் காலர் வளையத்தோடு 2.3 கிலோ. பட்டையைப் பாடியில் மாட்டினால் அத்தனை எடையும் லென்ஸ் பாடியோடு சேரும் மவுண்ட்டில் இழுக்கும். லென்ஸ் காலரின் அடியில் நீண்டிருக்கும் பாதத்தில் மாட்டுங்கள். சில பெரிய லென்ஸ்களில் பட்டைக்கென்றே தனிக் காதும் இருக்கும். டிரைபாட் திருகுத் துளையில் முறுக்கி மாட்டும் பிளாக்ராபிட் கம்பெனி ரகம் இதற்குத் தோதானது. ஒரே சங்கடம், நடக்க நடக்கத் திருகு இளகும். நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மரத்து மேல் கூடு கட்டிய கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருவில் நடக்கிறபோது திருகு ஞாபகம் யாருக்கு வரும்? காலரின் குமிழையும் திருகையும் அவ்வப்போது விரலால் முறுக்கிப் பாருங்கள், பாடியின் காதுக்கு ஒரு காப்புக் கயிறும் போட்டுவிடுங்கள்.

கையில் காசு இல்லையென்றால் டவுன் பக்கம் பை தைக்கிற கடைக்குப் போங்கள். சீட் பெல்ட் நாடாவும் இரும்புப் பக்கிளும் வாங்கிக் கொடுத்தால் தைத்துத் தருவார்கள். நைலான் நூலில் தைக்கச் சொல்ல வேண்டும், பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். முனையில் நாலு ஓட்டுத் தையல் கேட்டதற்கு எங்கள் தையல்கடை அண்ணாச்சி, “என்ன வே, ஆனையவா கெட்டப் போறீரு?” என்றார். தைத்தது என்னவோ நாலு ஓட்டுதான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் உப்பு ஏறாது.

கல்யாணத்தில் இரண்டு பாடி தூக்குகிறவர்கள் மாட்டும் இரட்டைத் தோள் வாரையும் யோசித்திருப்பீர்கள். எடை இரண்டு தோளிலும் பிரிவது உண்மை. ஆனால் முதுகில் குறுக்கே ஓடும் வார் மண்டபப் புழுக்கத்தில் தொப்பலாக நனையும், பந்தியில் உட்காரவும் முழுசாகக் கழற்றியாக வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு பாடி என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.